கல்யாணத்துக்கு முன் எழுதுகிற பத்திரமும் செல்லட்டும்

மாண்புமிகு தமிழ்நாடு சட்டத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே 22 வருடமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். கிரயம், தானம், செட்டில்மென்ட், விடுதலை, உயில் என்று எது கேட்டாலும் எழுதித் தருவேன். கல்யாணத்துக்கு முன்பே சொத்தைப் பற்றி இருவரும் எழுதிக்கொள்கிற ஒப்பந்தப் பத்திரம், அந்த ஒன்றைக் கேட்டு வருகிறவர்களை மட்டும் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அதற்காகத்தான் இந்த மடல்.

போன ஆவணியில் ஒரு அம்மாவும் அவரைக் கட்டிக்கொள்ளப்போகிற சாரும் வந்தார்கள். இருவருக்கும் துணை போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிறது. அந்த அம்மாவுக்கு ஒரு மகன், சாருக்கு ஒரு மகள். நான்காக மடித்த கோடு போட்ட பேப்பரை அந்த அம்மா என் மேசைமேல் பிரித்து வைத்தார். வீடு என் மகனுக்கு. கிராமத்து நிலம் அவர் மகளுக்கு. 26 பவுன் என்னுடையது, அடகு வைப்பதானால் என்னைக் கேட்க வேண்டும். அவர் பழைய கடனுக்கு நான் பொறுப்பில்லை. ஒத்துவராமல் போனால் அவரவர் கொண்டுவந்தது அவரவருக்கு, ஜீவனாம்சம் யாரும் கேட்பதில்லை. இப்படி 11 வரி. கடைசி வரி மட்டும் வேறு மையில், பிறகு ஞாபகம் வந்து எழுதியது போல: "தையல் மெஷின் என் அம்மாவுடையது."

"இதை முத்திரைத்தாளில் எழுதினா செல்லுமாங்க?" என்று கேட்டார்.

நகைக்கும் மெஷினுக்கும் பயமில்லை. சீதனம் பெண்ணின் முழுச் சொத்து என்று 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்ற வரிகள்தான் சிக்கல். நாளைக்கு வாரிசாக வரக்கூடிய பங்கை இன்றைக்கே விட்டுக்கொடுக்க முடியாது. வெறும் எதிர்பார்ப்பு கைமாறாது என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. "ஒத்துவராமல் போனால்" என்று ஆரம்பிக்கிற வரியைப் பொதுக் கொள்கைக்கு விரோதம் என்று ஒதுக்கிவிட, 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஜீவனாம்சம் வேண்டாம் என்ற வரியை எந்த நீதிமன்றமும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காது. அது சரிதான், ஏற்கக் கூடாது.

ஆளுக்கொரு உயில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். "நாளைக்கு இவங்க உயிலை மாத்திட்டா?" என்றார் சார். மாற்றலாம் சார், உயிர் இருக்கிற வரைக்கும் மாற்றலாம் என்றேன். "நீங்களும்தான்" என்று அந்த அம்மா சிரித்தார். வந்தது ஒருவரையொருவர் நம்பி ஒரு வார்த்தையைக் கட்டிப்போட. நான் கொடுத்தனுப்பியது எப்போது வேண்டுமானாலும் கிழிக்கக்கூடிய இரண்டு காகிதம்.

கல்யாணத்தின்போதே பிரிவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்பார்கள். கூட்டு வியாபாரப் பத்திரத்துக்கும் நான்கு மூலையில் மஞ்சள் தடவித்தான் கையெழுத்து வாங்குகிறோம். அதே பத்திரத்தில் கூட்டு முறிந்தால் கணக்கு எப்படி என்றும் எழுதுகிறோம். யாரும் எழுந்து போனதில்லை. அதோடு, நிச்சயதார்த்தத்தில் நாம் பேசாத பேரமா? எத்தனை பவுன், மண்டபச் செலவு யாருடையது, சீர் என்னென்ன என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதித்தான் கல்யாணமே நடக்கிறது. சட்டப்படி தப்பான அந்தப் பேச்சுக்கு ஊர் முழுக்கச் சாட்சி உண்டு. 1961-ஆம் வருட வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-இல் விதிகள் வந்தன. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்த பரிசுகளை, கொடுத்தவர் பெயர், தோராய மதிப்பு எல்லாம் போட்டு இருவரும் கையெழுத்திட்டுப் பட்டியலாக வைக்க வேண்டும். இந்த 22 வருடத்தில் அந்தப் பட்டியலை எழுதச் சொல்லி என்னிடம் ஒருவர்கூட வந்ததில்லை.

இது டெல்லியின் வேலை என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். திருமணமும் ஒப்பந்தமும், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கின்றன; சட்டமன்றம் சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கினால் போதும். சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்த கல்யாணங்களையும் செல்லுபடியாக்கியது இதே சட்டமன்றம். மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கை நாம் 1989-இல் கொடுத்தோம். டெல்லிக்கு 2005 வரை ஆனது. கோவாவைப் பாருங்கள். 1867-ஆம் வருடப் போர்ச்சுகீசிய உரிமையியல் சட்டம் அங்கே இன்னும் நடப்பில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். எழுதாவிட்டால் சொத்து பொதுவாகிவிடும். கோவாவில் செல்லுகிற காகிதம் நம் ஊரில் ஏன் செல்லக் கூடாது?

ஆனால் ஒன்று. அவசரத்தில் ஒரு சட்டம் போட்டு, "கையெழுத்துப் போட்டால் முடிந்தது" என்றால் நானே எதிர்ப்பேன். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகையும் வைத்துவிட்ட பெண்ணின் அப்பா, கல்யாணத்துக்கு முதல் நாள் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார். பெண்ணையும் போடச் சொல்வார். இங்கிலாந்தின் சட்ட ஆணையம் 2014-இல் கொடுத்த பரிந்துரையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: கல்யாணத்துக்கு முந்தைய 28 நாளுக்குள் போட்ட கையெழுத்து கணக்கில் வராது. இரண்டு பேரும் தனித்தனியாகச் சட்ட ஆலோசனை பெற்றிருக்க வேண்டும், சொத்தையும் கடனையும் மறைக்காமல் சொல்லியிருக்க வேண்டும். நமக்கு அந்த 28 நாள் போதாது, மூன்று மாதமாவது வேண்டும் என்பது என் எண்ணம். பத்திரிகை அடிப்பதற்கு முன்பே எழுதி முடித்திருக்க வேண்டும். சொத்து விவரத்துக்குப் புதிதாகப் படிவம் தேட வேண்டாம். ஜீவனாம்ச வழக்குகளுக்காக 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கொடுத்த பிரமாணப் பத்திர மாதிரி இருக்கிறது. குழந்தை யாரிடம் வளர்வது என்பதும், கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறவரின் ஜீவனாம்சமும் பத்திரத்துக்கு வெளியே, நீதிபதியின் கையிலேயே இருக்கட்டும்.

அப்புறம், தொழில்காரன் என்கிற முறையில் ஒரு சின்ன யோசனை. 2009-ஆம் வருடச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். அந்தப் பதிவிலேயே ஒப்பந்தத்தின் எண்ணைக் குறித்துவிடலாம். சொத்து விவரம் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. உயிலை மூடி முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் வைக்கிற வசதி இப்போதே இருக்கிறது, அதையே இதற்கும் தரலாம்.

அந்தக் கோடு போட்ட பேப்பரை ஞாபகமாக என்னிடமே விட்டுவிட்டுப் போனார்கள், இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது. வரைவு தயாரித்துக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தால், எடுத்துக்கொண்டு வருகிறேன். முகூர்த்த நாளாகப் பார்த்து மட்டும் வைத்துவிடாதீர்கள். அன்றைக்கு எங்களுக்கு டோக்கன் அதிகம்.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்