சாம்பல் தலையும் அதே ஜாதிதான்

அன்புள்ள சண்முகம்,

கடிதமும் படமும் கிடைத்தன. மூட்டு வலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். இந்த வருஷம் மிளகு சுமார், காப்பி பரவாயில்லை. பெரியவன் ஓசூரில் வீடு வாங்கிவிட்டான். தோட்டத்தை இனி யார் பார்ப்பது என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

சரி, கிளிக்கு வருவோம். நீ ஏற்காட்டில் கல்யாண முருங்கை மரத்தில் எடுத்த படத்தில் மேல்கிளைக் கிளியைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். செந்தலைக் கிளி, ஆண். செந்தலை என்கிறோமே தவிர வெறும் சிவப்பா அது? ரோஜா நிறத்தில் நாவல்பழச் சாறு இறங்கிய மாதிரி, பிடரிக்குப் போகப் போக ஊதா ஏறுகிறது. கழுத்தில் மெல்லிய கறுப்பு வளையம், தோளில் சின்னதாக அரக்குப் பொட்டு, மேல் அலகு மஞ்சள்.

கீழ்க்கிளையில் இருப்பதுதான் உன்னைக் குழப்பியிருக்கிறது. தலை சாம்பலாக இருக்கவும், உங்கள் வால்பாறையில் பார்க்கிற நீலச் சிறகுக் கிளி என்று எழுதிவிட்டாய். இல்லையப்பா, அது மேலே இருப்பவனின் பெட்டை. செந்தலைக் கிளியில் பெட்டைக்குச் சிவப்பே கிடையாது. கறுப்பு வளையத்துக்குப் பதில் மஞ்சள் பூச்சு, தோளில் பொட்டும் இல்லை. உங்கள் ஊர்க் கிளிக்குச் சாம்பல் தலையோடு நிற்காது, மார்பு வரை இறங்கும். கறுப்பு வளையம் ஆண், பெட்டை இரண்டுக்கும் உண்டு. ஆணின் மேல் அலகு சிவப்பு, பெட்டைக்குக் கறுப்பு. மஞ்சள் அலகுக்கு அங்கே இடமே இல்லை. போதாததற்கு அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவை. நம் சேர்வராயன் மலையோ கிழக்குத் தொடர்ச்சியில் இருக்கிறது.

என்னைக் கேட்டால் தலையை விட வாலை நம்பலாம். கிளி நமக்கு முகம் காட்டுவது கொஞ்ச நேரம்தான், பறந்து போகும்போது வால்தான் தெரியும். செந்தலைக்கு வால் நுனி வெள்ளை, உங்கள் கிளிக்கு மஞ்சள். உன் படத்தில் இரண்டுக்கும் வெள்ளை, பெரிதாக்கிப் பார்.

சேலத்தில் நாம் பார்த்து வளர்ந்த பச்சைக்கிளியோடு இதைக் குழப்பிக்கொள்ள வழியில்லை. அது வாலோடு 40 செ.மீ. வரும், இது 33 செ.மீ. அளவுதான். குரலும் அந்தக் கீச்சுக் கத்தல் இல்லை, மெல்லிசாக, கொஞ்சம் இனிமையாகவே இருக்கும். காப்பித் தோட்டத்துக்கு மேலே கூட்டமாகப் போகும்போது குரலை வைத்தே சொல்லிவிடலாம்.

அப்புறம், உன் பேரன் கூண்டில் வளர்க்க ஒன்று கேட்கிறான் என்றாயே, அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதே. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் காட்டுக்கிளி எதையும் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். விற்க வருகிறவன் மரப்பொந்தில் கையை விட்டுக் குஞ்சை எடுத்து வந்திருப்பான். பையனுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்து பள்ளி லீவில் இங்கே அனுப்பு, நான் காட்டுகிறேன்.

உங்கள் ஊர்க் கிளியின் படம் இருந்தால் ஒன்று அனுப்பு, வால் தெரிகிற மாதிரி.

அன்புடன்,
ராசு