ஸ்விட்சை அமைத்துத் தராமல் பணம் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓ.எம்.ஆர். ஓரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நகரத்துப் பள்ளிகளும் சிறு அலுவலகங்களும் சி.சி.டி.வி.க்கும் வைஃபைக்கும் இப்போது மேனேஜ்டு ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும், நாமே அமைப்பை மாற்றிக்கொள்ளக்கூடிய பெட்டி) என்றே கேட்டு வாங்குகின்றன. சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் சாதாரண ஸ்விட்சைவிட இதற்கு விலை நன்றாகவே கூடுதல். ஆனால் பல இடங்களில் பெட்டியிலிருந்து எடுத்தபடியே ரேக்கில் ஏற்றி, கேபிளைச் செருகி, பில்லை நீட்டிவிடுகிறார்கள். எந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுத்தோமோ அந்த வசதி தூங்குகிறது.

மிகப் பெரிய ஆபத்து லூப், அதாவது கேபிள் வழி ஒரு வட்டமாக மூடிக்கொள்வது. ஒரே கேபிளின் இரு முனைகளையும் யாரோ தெரியாமல் ஒரே ஸ்விட்சில் செருகினால் போதும், பிராட்காஸ்ட் ஃபிரேம்கள் (எல்லாக் கருவிகளுக்கும் போகும் தரவுத் துண்டுகள்) அதற்குள்ளேயே சுற்றத் தொடங்கும். ஐ.பி. பாக்கெட்டுக்கு இருப்பதுபோல ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் எண் (ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் குறைந்து, தீர்ந்ததும் பாக்கெட்டைக் கைவிடச் செய்யும் எண்) கிடையாது. கேபிளைப் பிடுங்கும்வரை அவை பெருகிக்கொண்டே இருக்கும். சில நொடிகளில் கட்டடம் முழுக்க நெட் படுத்துவிடும். இதற்காகத்தான் 1985-இல் ராடியா பெர்ல்மன் என்ற கணினி விஞ்ஞானி, உபரி வழிகளை அடைத்து லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையை உருவாக்கினார். பழைய முறையில் ஓர் இணைப்பு அறுந்தால் மாற்றுவழி திறக்க 30 முதல் 50 நொடி பிடிக்கும். ரேபிட் ஸ்பானிங் ட்ரீயில் பொதுவாக ஓரிரு நொடிதான். ரேபிட் முறையையே கேளுங்கள். அதோடு ஒரு விஷயம்: அநேகமாக எல்லா ஸ்விட்சிலும் ரூட்டைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை எண் 32768 என்றே வரும். எண்கள் சமமாக இருந்தால் சிறிய மேக் முகவரி (தொழிற்சாலையிலேயே பதித்த எண்) கொண்டது ரூட், அதாவது எல்லா வழிகளுக்கும் மையம், ஆகிவிடும். பல நேரம் அது ஏதோ ஒரு மாடியில் கிடக்கும் பழைய ஸ்விட்சாக இருக்கும். போக்குவரத்தெல்லாம் அதன் வழியே திரும்பும். சிறிய எண்ணுக்கே முதலிடம் என்பதால் மைய ஸ்விட்சில் 4096 என்று மாற்றினால் இந்தச் சிக்கல் இல்லை. கம்ப்யூட்டரும் கேமராவும் செருகும் போர்ட்டுகளில் பி.பி.டி.யூ. கார்டு (ஸ்பானிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட்டை மூடும் காவல்) வேண்டும். மேசைக்கடியில் வைக்கும் மலிவு ஸ்விட்சுகள் சில அந்தச் செய்திகளை விழுங்கிவிடும் என்பதால் ஸ்டார்ம் கன்ட்ரோலையும் (பிராட்காஸ்ட் அளவு மீறினால் தடுக்கும் வசதி) போடச் சொல்லுங்கள்.

அடுத்தது விலான், அதாவது ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது. விருந்தினர் வைஃபையும் கேமரா ரெக்கார்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவர் ரெக்கார்டரின் லாகின் பக்கம்வரை போய்விடலாம். அலுவலகத்துக்கு 10, கேமராவுக்கு 20, விருந்தினருக்கு 30 என்று எண் கொடுத்துப் பிரிக்க வேண்டும். ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் இடையிலான, பல விலான்களைச் சுமக்கும் ட்ரங்க் போர்ட்டில் இரு முனையிலும் அதே எண்கள் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு முனையில் 20 விட்டுப்போனால் அந்த மாடிக் கேமராக்கள் மட்டும் தெரியாது. பிரித்த பிறகு ரவுட்டரில் எல்லாவற்றுக்கும் வழி திறந்துவிட்டால், பிரித்தும் பயனில்லை.

பி.ஓ.இ. (நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம் தருவது) கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். 8 போர்ட், மொத்தம் 65 வாட் என்று போட்ட ஸ்விட்சில் 8 கேமராவும் பகலில் ஒழுங்காக ஓடும். இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்து ஒவ்வொன்றும் 10 வாட் இழுத்தால் 80 ஆகிவிடும். ஒன்றிரண்டு கேமரா அணைந்து அணைந்து வரும். கேமரா பழுது என்று அதையே மாற்றிக்கொண்டிருப்பார்கள். இரவு நேர வாட்டைக் கூட்டிப் பார்த்து, அதற்கு மேல் கால் பங்கு இடம் விட்டு வாங்குவதே சரி.

ஸ்விட்சுக்குள் நுழைய, தகவலை மறைக்காமல் அனுப்பும் டெல்நெட்டை மூடி, மறைத்து அனுப்பும் எஸ்.எஸ்.எச். மட்டும் வைப்பது, ஸ்விட்சைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் எஸ்.என்.எம்.பி.யில், எல்லோருக்கும் தெரிந்த ‘பப்ளிக்’ என்ற அனுமதிச் சொல்லை நீக்கி மூன்றாம் பதிப்புக்கு மாறுவது, தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றுவது: இவை பத்து நிமிட வேலை.

செய்த அமைப்பைச் சேமிக்க மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. பல ஸ்விட்சுகளில் மாற்றம் உடனே வேலை செய்யும், ஆனால் தனியாகச் சேமிக்காவிட்டால் மின்சாரம் போய் வந்ததும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஆகவே ஒப்படைக்கும் நாளில் நிர்வாகிகள் முன்னிலையிலேயே யு.பி.எஸ்.ஸை நிறுத்தி மறுபடி போடச் சொல்லுங்கள். ஒரு கேபிளால் வேண்டுமென்றே லூப் போட்டு, அந்த போர்ட் தானாக மூடிக்கொள்கிறதா என்று பாருங்கள். எந்த போர்ட் எந்த அறைக்கு என்ற பட்டியல், கான்ஃபிக் (அமைப்பு விவரக்) கோப்பின் நகல், பாஸ்வேர்டு மூன்றும் நிர்வாகத்தின் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
பெருங்குடி, சென்னை