செஞ்சிக் கோட்டையைப் படிக்கச் சொல்லித்தந்தவர்களுக்கு

செஞ்சிக் கோட்டைக்கு வருவோருக்கான நடைக் கையேடு அச்சுக்குப் போகிறது. அதற்குக் கைகொடுத்த அத்தனை பேருக்கும் இந்த மடல் வழியாக நன்றி சொல்கிறோம்.

கல்லுடைக்கும் ஐயாமார்களே, முதல் நன்றி உங்களுக்கு. பாறையில் வரிசையாக இருக்கும் சிறு குழிகளைப் பார்க்கிறவர்கள் அது ஏதோ விளையாட்டுப் பலகை என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். அவை பாறையைப் பிளக்க ஆப்பு இறக்கும் குழிகள். எல்லாக் குழிக்கும் ஒரே ஆழம் இருக்க வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சம்மட்டியால் மெதுவாக, மாறி மாறித் தட்ட வேண்டும். அவசரப்பட்டு ஒரே ஆப்பில் ஓங்கிப் போட்டால் வெடிப்பு குறுக்கே ஓடிக் கல் வீணாகும் என்று சொல்லித்தந்தது நீங்கள்தான். பிளவு பாதியில் திசைமாறியதால் விட்டுப்போன ஒரு பாறையைக் காட்டினீர்களே, அந்தப் படம் கையேட்டில் முழுப் பக்கத்துக்கு வருகிறது.

சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த கொத்தனார்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. மதில் வெளியே கல், உள்ளே மண்ணும் கல்சில்லும். மேல்விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் மழைநீர் உள்ளே இறங்கி, மண் ஊறி, சுவர் வயிறு தள்ளிக்கொள்ளும். அந்தக் கீறலில்தான் அரசங்கன்றும் முளைக்கிறது. அதைப் பிடித்து இழுத்தால் வேரோடு கல்லும் வரும். தண்டை மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரைப் பொறுமையாக எடுத்து, குழியைச் சுண்ணாம்புக் கலவையால் அடைப்பதே வழி. ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு மணல், ஊறவைத்த கடுக்காயும் வெல்லமும் சேர்ந்த நீர்; பூசியபின் ஈரச் சாக்குப் போட்டு வெயிலை மறைக்க வேண்டும். சீக்கிரம் காய்ந்தால் பொடிப்பொடியாக உதிரும். சிமெண்ட் ஏன் கூடாது என்ற கேள்விக்கு நீங்கள் தந்த விளக்கத்தை அப்படியே சேர்த்திருக்கிறோம்: அது ஈரத்தை வெளியே விடாது, ஈரம் பக்கத்துப் பழஞ்செங்கல்லுக்குப் போகும், அங்கே உப்புப் பூத்துச் செங்கல் செதில் செதிலாகக் கொட்டும்.

ஆடு மேய்க்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் பாறைச் சுனைகளைக் காட்டினார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் சேர்த்து வளைக்கும் மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இவ்வளவு நீளத்தைக் காக்கும் படைக்குத் தண்ணீர் வேண்டாமா? 1690-ல் முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் தொடங்கிய முற்றுகை 1698 வரை நீண்டதற்கு, மதிலின் பலத்தோடு இந்தச் சுனைகளும் குளங்களும் காரணம் என்பது எங்கள் முடிவு. அதே கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் 1750-ல் ஓர் இரவுத் தாக்குதலில் பிடித்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

கோட்டைக் காவலர்களுக்கும் நன்றி. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்ததுபோல், ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமுமாக ஒரு பள்ளம் குறுக்கிடும். அந்தக் காலத்தில் அங்கே இருந்தது மரப்பாலம். அதை எடுத்துவிட்டால் பெரும்படையும் இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டியதுதான். பாலத்தில் நின்று கீழே பார்த்தால் ஒழிய இந்தக் கோட்டையின் கணக்கு பிடிபடாது. அதனால் அடிவாரத்துக் கல்யாண மகாலோடு திரும்பிவிடாதீர்கள் என்று வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். விடியற்காலையில் ஏறத் தொடங்குங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுங்கள், தின்பண்டத்தைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பறிக்கும், மழை நாளில் படிகள் வழுக்கும் என்ற எச்சரிக்கைகள் எல்லாம் காவலர்கள் சொன்னவை.

2025 ஜூலையில் ‘மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்’ என்ற தொகுப்பின் 12 கோட்டைகளில் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. தமிழ்நாட்டிலிருந்து இது மட்டும்தான். கோனார்கள் தொடங்கி, விஜயநகரத்தாரும் நாயக்கர்களும் பெருக்கி, பீஜப்பூர் சுல்தான்களிடமிருந்து 1677-ல் சிவாஜி கைக்கு வந்த கோட்டை இது. எந்தப் பகுதி யார் காலத்தது என்று வரைபடத்தில் நிறம் பிரித்துத் தந்த வரலாற்று மாணவர்களுக்கு அன்பு.

சந்திரகிரிப் பாதை முள்மண்டிக் கிடப்பதால் இந்தப் பதிப்பில் சேர்க்கவில்லை. அதையும் அரிவாளோடு முன்னால் நடந்து காட்டியவர்களே, உங்கள் குறிப்புகள் பத்திரமாக இருக்கின்றன. முதல் பிரதிகள் உங்கள் வீடு தேடி வரும்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்