செஞ்சி ராஜகிரிக் கோட்டையில் குடிநீர் கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்:
கோட்டையைச் சுற்றிக்காட்டிப் பிழைப்பவன்,
செஞ்சி.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்.

பொருள்: ராஜகிரி ஏறுவோருக்குக் குடிநீர் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக மூன்று மனு கொடுத்துவிட்டேன். முத்திரை குத்திய ரசீது மூன்றும் கையில் இருக்கின்றன, பதில்தான் வரவில்லை. கோட்டை தங்களுக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை சாலையிலிருந்து திரும்பி கல்யாண மகால் வரை தாங்கள் வந்து போனதைப் பார்த்திருக்கிறேன். மலை ஏறியதைப் பார்த்ததில்லை, தவறாக எண்ண வேண்டாம்.

1. அடிவாரத்துக் குழாயில் மாசி மாதத்திலிருந்து தண்ணீர் இல்லை. திருகினால் புஸ்ஸென்று காற்றுதான் வருகிறது.

2. அடிவாரத்தை விட்டால் மேலே கேட்கவே வேண்டாம். ராஜகிரி 800 அடி உயரம், முழுக்கக் கருங்கல். பத்து மணிக்கு மேல் பாறையில் கை வைக்க முடியாது. கீழே கடையில் வாங்கிய பாட்டிலைக் கமலக்கண்ணியம்மன் கோயில் தாண்டுவதற்குள் குரங்கு பிடுங்கிக்கொள்ளும். மூடியைக் கடித்துத் துப்பிவிட்டு, வாங்கியவர் கண்ணெதிரிலேயே குடிக்கும். குரங்கைக் குறை சொல்லவில்லை, அதற்கும் தாகம்தானே.

3. போன மாதம் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே மலை இரண்டாகப் பிளந்திருக்கும் இடம் தங்களுக்குத் தெரியும். 24 அடி அகலம், 60 அடி ஆழம், மேலே மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி உள்ளே வர முடியாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் காதில் எதுவும் ஏறவில்லை. உதடு வெள்ளையாக வெடித்திருந்தது, அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். என் பாட்டிலில் இருந்த நாலு மடக்கைக் கொடுத்தேன். அவன் குடிப்பதை மற்ற இருபது பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் ஐயா இந்த நான்காவது மனு. அப்புறம் அதில் இரண்டு பேர் சுனைப் பக்கம் ஓடினார்கள். பச்சைப் பாசி, மேலே சிப்ஸ் கவர். குடிக்க விடாமல் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

4. இதே மலையில் ஒரு காலத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. உச்சியில் நல்ல தண்ணீர் ஊற்று, அதற்குக் கீழே மழைநீர்த் தேக்கங்கள். கல்யாண மகாலுக்கு மதிலுக்கு வெளியே ஏறக்குறைய 500 கெஜம் தள்ளியிருந்த தேக்கத்திலிருந்து சுடுமண் குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது. 1690-லிருந்து 1698 வரை, உள்ளே இருந்த சிவாஜியின் மகன் ராஜாராமை மடக்கப் பார்த்த முகலாயத் தளபதி சுல்பிகர் கான் படை ஏறக்குறைய எட்டு வருஷம் விட்டு விட்டு வெளியே கிடந்தது. மேலே தண்ணீர் இல்லாமல் உள்ளே இருந்தவர்கள் எட்டு நாள் தாங்கியிருப்பார்களா? மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, டெண்டர் இல்லை. அவர்களால் முடிந்தது. நம்மால் ஒரு குழாய்க்கு வாஷர் போட முடியவில்லை!

5. சிவாஜி 1677-ல் பிடித்த கோட்டை என்று மகாராஷ்டிரத்திலிருந்து கூட்டமாக வருகிறார்கள். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அவர்கள் என்னிடம் முதலில் கேட்பது தேசிங்கு ராஜா கதை அல்ல, ‘பானி?’ என்றுதான்.

6. தண்ணீர். வேறொன்றும் இல்லை.

ஒளிவிளக்குக் காட்சி கேட்கவில்லை, ரோப் கார் கேட்கவில்லை. அடிவாரக் குழாயைச் சரிசெய்து, பாதி வழியில் குரங்கு திறக்க முடியாத மூடியோடு ஒரு தொட்டி வைத்து, சுனையைத் தூர்வாரித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மூன்றும் ஆகாதென்றால் குழாயையாவது, ஐயா. சித்திரை பிறப்பதற்குள் குழாயையாவது.

நேரில் பார்ப்பதாக இருந்தால் எந்த நாளானாலும் காலை 8 மணிக்கு அடிவாரத்தில் காத்திருக்கிறேன். தங்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் நானே எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது நகல் – 3