மும்பை ஹை: துளைக்கு முந்திய உழைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

மும்பைக்கு அப்பால் அரபிக்கடலில் உள்ள எண்ணெய் வயலான மும்பை ஹை என்றதும் 1974-இல் அங்கே எண்ணெய் கண்ட 'சாகர் சாம்ராட்' துளைமேடையையே பலரும் நினைவுகூர்கிறார்கள். ஆனால், துளையிட வேண்டிய இடத்தை அதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டித் தந்தது, சோவியத் கப்பலான 'அகாடமிக் அர்கான்கெல்ஸ்கி'யில் இந்திய, சோவியத் வல்லுநர்கள் இணைந்து நடத்திய நில அதிர்வு ஆய்வாகும்.

கடலில் எழுப்பப்படும் அதிர்வு பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்புவதை, கப்பலின் பின்னே இழுத்துச் செல்லப்படும் நீண்ட வடத்திலுள்ள ஒலியுணரிகள் மில்லிவினாடிக் கணக்கில் பதிவு செய்கின்றன. அந்த நேரத்தை ஆழமாக மாற்றப் பாறையில் அலை செல்லும் வேகம் தெரிய வேண்டும். அதைத் துளையிட்ட கிணற்றில் எடுக்கும் அளவீடுகளே உறுதிசெய்யும் என்பதால், புவி இயற்பியலாளரும் நிலவியலாளரும் துளைப் பொறியாளரும் ஒரே மேசையில் அமராவிட்டால், பெரும்பொருள் செலவழித்தும் எண்ணெய் கிடைக்காத வறண்ட கிணறே மிஞ்சக்கூடும். இளம் நிலவியலாளர்களை ஆய்வுக் கப்பலுக்கும் துளைமேடைக்கும் அனுப்பிப் பயிற்றுவிப்பதை நிறுவனங்கள் வீண் செலவாகக் கருதலாகாது.

இப்படிக்கு,
புவி இயற்பியல் பேராசிரியர் ஒருவர்