'ஆமாம்' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் லினக்ஸ் குறிப்புகள் வருவது மகிழ்ச்சி. ஒரே ஒரு குறை. நிறுவல் கட்டளைகள் பலவற்றின் கடைசியில் ஹைபன் போட்டு 'ஒய்' என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'நீ என்ன கேட்டாலும் ஆமாம்' என்று வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போன்றது அது. சர்வர் நிர்வாகி தன் ஸ்கிரிப்ட்டில் அதை எழுதினால் நியாயம் உண்டு. அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை. வீட்டுக் கணினியின் முன்னால்தான் ஆள் உட்கார்ந்திருக்கிறாரே!

டெபியன், உபுண்டு, மின்ட் ஆகிய லினக்ஸ் விநியோகங்களைப் பயன்படுத்துவோருக்குச் சினாப்டிக்கை அறிமுகப்படுத்தலாம். டெர்மினல் எனும் கட்டளை வரியில், மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் ஏபிடி செய்யும் அதே வேலையை ஜன்னலில் காட்டும் மென்பொருள் இது. உபுண்டு 11.10இலிருந்து தானாக நிறுவப்பட்டு வருவதில்லை என்பதால் புதியவர்கள் பலருக்கு இதைத் தெரியாது. விநியோகத்தின் மென்பொருள்கள் வைக்கப்பட்டிருக்கும் இணையக் களஞ்சியத்தில் அதே பெயரில் கிடைக்கிறது. நட்சத்திர மதிப்பீடு, பளபளப்பான படங்கள் எதுவும் இதில் இல்லை. பார்க்கப் பழைய பாணிதான்.

திறந்ததும் முதலில் 'ரீலோட்' அழுத்த வேண்டும். இதை விட்டுவிட்டு நிறுவப் போனால் பாதியில் 404 பிழை (கோப்பு இல்லை என்ற செய்தி) வரலாம். களஞ்சியத்தில் புதிய பதிப்பு ஏறியதும் பழைய கோப்பு அகற்றப்பட்டுவிடும். நம் கணினியில் உள்ள பட்டியலோ பழைய கோப்பின் பெயரையே கேட்டுக்கொண்டிருக்கும். இணைப்பில் கோளாறு என்று நினைத்துப் பலர் ரவுட்டரை அணைத்துப் போடுவது இங்கேதான். அடுத்து, தேடல் பெட்டியில் பெயரை மட்டும் தேடும்படி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கத்தையும் சேர்த்துத் தேடினால் சம்பந்தமில்லாதவையும் வந்து குவியும்.

வேண்டிய பேக்கேஜின் (மென்பொருள் பொதியின்) மேல் வலது சொடுக்கு, 'மார்க் ஃபார் இன்ஸ்டலேஷன்'. அது சார்ந்திருக்கும் மற்றவற்றையும் குறிக்கலாமா என்று ஒரு பெட்டி கேட்கும். இதுவரை வட்டில் எதுவும் மாறவில்லை, எல்லாம் பென்சில் குறிதான். கன்ட்ரோல் இசட் அடித்தால் குறி அழிந்துவிடும்.

'அப்ளை' அழுத்தியதும் வரும் சுருக்கத் திரைதான் இந்தக் கடிதத்தின் விஷயமே. புதிதாக வருபவை, மேம்படுத்தப்படுபவை, நீக்கப்படுபவை என்று தனித்தனித் தலைப்புகள், பக்கத்தில் சிறு முக்கோணங்கள். முக்கோணத்தைச் சொடுக்கினால்தான் பெயர்கள் விரியும். சொடுக்காமல் 'அப்ளை' கொடுத்தால் டெர்மினலில் 'ஒய்' போட்டதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. கீழே எத்தனை எம்பி இறங்கும், வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற கணக்கு இருக்கும். ஒன்றை நிறுவ வந்த இடத்தில் 'நீக்கப்படுபவை' என்ற தலைப்பைப் பார்த்தால் கையை எடுத்துவிட வேண்டும். பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பழைய நிரல் நூலகத்துக்குப் பதிலாகப் புதியது வரும்போது ஓரிரு பெயர்கள் அங்கே வருவது இயல்பு. டெஸ்க்டாப் என்று முடியும் பெயர் (திரைச் சூழல் முழுவதற்குமான பேக்கேஜ்) வந்தால் அது இயல்பல்ல.

2021 நவம்பரில் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் விநியோகத்தில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப்போன பிரபல யூடியூபர் ஒருவரின் டெஸ்க்டாப்பே நீங்கிப்போனது நினைவிருக்கலாம். எச்சரிக்கை வரத்தான் செய்தது, ஆனால் டெர்மினலில் இடைவிடாமல் ஓடிய பேக்கேஜ் பெயர்களுக்கு நடுவே. இன்றியமையாதவை என்று முத்திரையுள்ளவை அதில் இருந்ததால் ஏபிடி ஒரு முழு வாக்கியத்தையே தட்டச்சிடச் சொன்னது, அவரும் தட்டச்சிட்டார். அந்த முத்திரை இல்லாதவற்றை நீக்க ஏபிடிக்கு உங்கள் 'ஒய்' ஒன்றே போதும்.

இப்படிச் சிக்குவதற்குப் பெரும்பாலும் வெளிக் களஞ்சியங்கள்தான் காரணம். ஏதோ ஒரு மென்பொருளுக்காகச் சேர்த்த பிபிஏ (உபுண்டுவுக்கான வெளிக் களஞ்சிய வகை), நூலகம் ஒன்றின் பதிப்பையும் உயர்த்தி வைத்திருக்கும். அதே நூலகத்தின் பழைய பதிப்பைக் கேட்கும் பேக்கேஜ் வரும்போது இரண்டில் ஒன்று வெளியேற வேண்டியதுதான். இடப்பக்கம் 'ஆரிஜின்' பொத்தானை அழுத்தினால் எது எங்கிருந்து வந்தது என்று தெரியும். பிபிஏவை நீக்கிய பிறகும் அதன் பேக்கேஜ்கள் போகாது. 'ஸ்டேட்டஸ்' பகுதியில் 'லோக்கல் ஆர் அப்சலீட்' என்ற பிரிவில் அநாதையாகக் கிடக்கும். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் ஈ அழுத்தி, 'ஃபோர்ஸ் வெர்ஷன்' வழியே விநியோகத்தின் சொந்தப் பதிப்புக்கு இறக்கலாம்.

அனுபவசாலிகளும் ஏமாறும் இடம் 'லாக் வெர்ஷன்'. சினாப்டிக்கில் ஒரு பேக்கேஜின் பதிப்பைப் பூட்டினால், அந்தப் பூட்டு சினாப்டிக்கின் சொந்தக் கோப்பில்தான் எழுதப்படும். டெர்மினலிலிருந்து ஏபிடி வழியாக மேம்படுத்தினால் பூட்டைக் கண்டுகொள்ளாமல் பதிப்பு ஏறிவிடும். உண்மையிலேயே நிறுத்திவைக்க ஏபிடி-மார்க் ஹோல்டு கட்டளைதான் வழி.

'பூட்டைப் பெற முடியவில்லை' என்ற பிழை வந்தால் (இது மேலே சொன்ன பதிப்புப் பூட்டு அல்ல), பின்னணியில் தானியங்கி மேம்பாடு ஓடிக்கொண்டிருக்கலாம். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று இணையத்தில் தாராளமாகச் சொல்கிறார்கள். தயவுசெய்து அதை அச்சிட்டுவிடாதீர்கள். இரண்டு நிரல்கள் ஒரே தரவுத்தளத்தில் ஒரே நேரத்தில் எழுதாமல் தடுப்பதற்குத்தான் அந்தப் பூட்டே. சற்றுப் பொறுத்தால் தானே விலகும். நிறுவலின் நடுவே மின்சாரம் போயிருந்தால் மட்டும் கதை வேறு: டிபிகேஜி (ஏபிடிக்கு அடியில் நிறுவும் வேலையைச் செய்யும் நிரல்) தடைபட்டது என்ற செய்தி வரும், அதிலேயே எழுதியிருக்கும் கட்டளையை டெர்மினலில் ஒருமுறை ஓட்டத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்: ஸ்னாப், ஃபிளாட்பேக் என்ற வேறு பொதி முறைகள் வழியே வந்தவை சினாப்டிக்கில் தெரியாது. உபுண்டு 22.04இலிருந்து ஃபயர்பாக்ஸ் ஸ்னாப்பாகவே வருகிறது. சினாப்டிக்கில் அந்தப் பெயரில் தெரிவது ஸ்னாப்பைக் கொண்டுவந்து சேர்க்கும் வெற்று உறை மட்டுமே. உபுண்டுவில் உலாவியின் பதிப்பை அங்கே தேடிக் குழம்ப வேண்டாம்.

இப்படிக்கு,
லினக்ஸ் பயன்படுத்தும் வாசகர்