சோற்றைக் குறைக்காதே, சிகரெட்டை விடு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. நீ தாத்தாவாகிவிட்டாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் அப்படியொரு சந்தோஷம். இங்கே பெரியவன் வேலை மாறியிருக்கிறான், மற்றபடி எல்லாம் வழக்கம்போலத்தான்.

அரிசியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறதாமே, சோற்றையே நிறுத்திவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். காட்மியம் இருப்பது உண்மைதான். அரிசி, கோதுமை, கீரை, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும். மண்ணில் இயற்கையாகவே உள்ளது, பாஸ்பேட் உரத்தாலும் சுரங்கக் கழிவாலும் கூடுகிறது. ஜப்பானில் ஜின்சூ ஆற்றில் சுரங்கக் கழிவு கலந்து, அந்தத் தண்ணீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு எலும்புகள் முறிந்தன. 1968இல்தான் அரசாங்கம் அதற்குக் காட்மியம் காரணம் என்று ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். ஆனால் அது நஞ்சேறிப்போன வயல். சாதாரண மண்ணில் விளைந்ததற்காக நீ சோற்றை ஒதுக்க வேண்டியதில்லை. சாப்பாட்டில் வரும் காட்மியத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான் உடம்பில் சேரும், மிச்சம் மலத்தோடு போய்விடும்.

நீ கேட்காத ஒன்றைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். ஒரு சிகரெட்டில் 1 முதல் 2 மைக்ரோகிராம் வரை இருக்கும். பற்றவைத்ததும் ஆவியாகிப் புகையோடு நுரையீரலுக்குள் போகிறது. குடல் தடுப்பதுபோல நுரையீரல் தடுப்பதில்லை, பல மடங்கு அதிகமாக உள்ளே விடுகிறது. அதனால்தான் புகைப்பவர்களின் இரத்தத்தில் காட்மியம் மற்றவர்களைவிட நாலைந்து மடங்கு கூட இருக்கிறது. ஒரு பக்கம் நீ தட்டில் சோற்றைக் குறைக்கிறாய், இன்னொரு பக்கம் சாப்பிட்டு முடித்ததும் ஒன்றைப் பற்றவைக்கிறாய். எனக்கு அது பொறுக்கவில்லை, சேகர்.

சிறுநீரகத்தில் சேர்ந்துவிட்ட காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 வருடம் ஆகும். அதை வெளியேற்ற நம்பகமான மருந்து கிடையாது. இனிமேல் சேராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. உனக்குச் சர்க்கரையும் இருப்பதால், சிறுநீரகத்துக்கு இன்னொரு சுமை வேண்டவே வேண்டாம்.

அப்புறம், பேத்தி. சிகரெட் புகையில் ஈயமும் உண்டு. வாய் வழியாகப் போகும் ஈயத்தைச் சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட 4, 5 மடங்கு உறிஞ்சும், மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் கெடுக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று ஈயத்துக்கு ஒரு வரம்பே இல்லை. பால்கனியில் நின்று குடித்தாலும் புகைத்துகள் சட்டையோடு உள்ளே வரும், அந்தச் சட்டையோடுதான் நீ அவளைத் தூக்குவாய்.

உன் மகளுக்கு இரத்தசோகை என்று எழுதியிருந்தாயே, இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல். உடம்பில் இரும்பு குறைந்தால் குடல் காட்மியத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். அரிசியில் உனக்கு இன்னும் பயம் இருந்தால், நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து வடித்துச் சாப்பிடு. காட்மியத்துக்கு அது பெரிதாக உதவாது என்றாலும் அரிசியிலுள்ள இன்னொரு நஞ்சான ஆர்செனிக் குறையும்.

நிறுத்துவது லேசில்லை என்று தெரியும். தனியாகப் போராடாதே, டாக்டரிடம் கேள், அதற்கு மருந்து உண்டு. எந்தத் தேதியில் நிறுத்தப்போகிறாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது. அந்த வாரம் நான் வந்து உன்னோடு தங்குகிறேன்.

அன்புடன்,
ரகு